வாட்டிய இலை

"இலைதான் சாட்சி" என்றார் சார்ஜென்ட் ஒபாந்தோ.

டோன்யா ஒதிலியா மேஜை மேல் ஓங்கி ஓர் அடி அடித்தார். சார்ஜென்ட்டின் கோப்பை துள்ளி, பாதிக் காப்பியை அவர் மடியில் கொட்டியது. அந்தக் காவல் நிலையத்துக்குள் நுழைந்ததிலிருந்து எனக்குப் பிடித்த மாதிரி நடந்த முதல் காரியம் அதுதான்.

"இலை பேசுமா சார்ஜென்ட்? இல்ல, உங்க ஸ்டேஷன்ல இலைகிட்டயும் வாக்குமூலம் வாங்குவீங்களா?"

"கத்தாதீங்கம்மா. கத்தினா கல்லு வந்துடாது."

நான் கிரெய்வின். கார்த்தகோ நகரத்துக்காரன். டோன்யா என்றால் எங்கள் பக்கம் அம்மணி; அந்த டோன்யா ஒதிலியா லாயானுக்கு உதவியாளன். அதாவது பை தூக்குகிறவன், படகுக்காரரிடம் கெஞ்சுகிறவன், அவர் அடிக்க நினைக்கும் ஆளுக்கும் அவருக்கும் நடுவில் நிற்கிறவன். அவர் இதே தலாமன்கா மலையில் பிறந்த பிரிப்ரி என்ற பழங்குடி இனத்துப் பெண். தலைநகரத்தில் துப்பறியும் பிரிவில் இருந்தவர். மேலதிகாரியிடம் கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டு, பதில் வராததால் வேலையைத் தூக்கி அந்த ஆள் மூஞ்சியிலேயே எறிந்துவிட்டு வந்தவர். அவருக்குக் கோபம் வந்தால் நான் ஜோக் அடித்துச் சமாளிப்பது வழக்கம். அன்றைக்கு எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

விஷயம் இதுதான். படகில் ஏறி ஆற்றோடு மேலே போனால் அமூலி என்று ஓர் ஊர். முன்பு ஒரு வெள்ளத்தில் அங்கே கரை சரிந்து, பழைய புதைகுழி ஒன்று வாயைத் திறந்துகொண்டது. உள்ளே ஒரு கற்சிலை. முழங்கால் உயரம். குத்துக்காலிட்டு உட்கார்ந்த ஒரு மனிதன். முழங்கால் மேல் முழங்கை. இரண்டு கையும் சேர்ந்து வாயில் ஒரு குழலைப் பிடித்திருக்கும். சுகியா. நோய் பார்க்கிறவர், போன உயிரைத் தேடிக் கூப்பிடுகிறவர். படித்தவர்கள் அவர் புல்லாங்குழல் ஊதுகிறார் என்பார்கள். ஊர்க்காரர்கள் புகையிலைப் புகை விட்டு நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்கிறார் என்பார்கள். சார்ஜென்ட் ஒபாந்தோ மட்டும், ஸ்ட்ரா போட்டு கலர் குடிக்கிறான் என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

குழியிலிருந்து வந்த பொருளை அமூலியில் யாரும் தொட மாட்டார்கள். செத்தவர்களின் சாமானைத் தொடுவதற்கென்றே அந்தப் பக்கத்தில் ஒருவர் உண்டு. மற்றவர் கை வைத்தால் தீட்டு. அதனால் சிலையை அசைக்காமல், இருந்த இடத்திலேயே மேலே ஓர் ஓலைக் கூரை போட்டு வைத்தார்கள். போன வாரம் கூரை இருந்தது, சிலை இல்லை.

சார்ஜென்ட் ஒபாந்தோ படகில் வந்தார், இரண்டு இலையைப் பொறுக்கினார், ஊரின் சுகியாவான செனோவியோவைக் கையில் விலங்கு மாட்டி அழைத்துப் போனார். அவ்வளவுதான் விசாரணை.

"நான் மறுபடி சொல்றேன்" என்றார் சார்ஜென்ட், மடியைத் துடைத்துக்கொண்டே. "எங்க ஆளு எவனாவது கல்லை இலையில சுத்துவானா? சாக்குல போட்டுக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பான். தொடுறதுக்குப் பயப்படுறவன்தான் இலை தேடுவான். பயப்படுறது யாரு? உங்க ஆளுங்க. அந்தக் கல்லுகிட்ட அடிக்கடி போய் உக்காந்தது யாரு? உங்க சுகியா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"அவர் திருடினார்னு அவர் சொன்னாரா?"

"வாயையே திறக்க மாட்டேங்கிறானே. குத்தம் பண்ணாதவன் பேசுவானா மாட்டானா?"

"ஒருத்திக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருக்கார். அது முடியிற வரைக்கும் சுகியா வெளியாள்கிட்ட பேசக் கூடாது. உப்பு தொடக் கூடாது. உங்களுக்கு இது தெரியும். இங்க எத்தனை வருஷமா உக்காந்திருக்கீங்க."

"சட்டத்துல அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சார்ஜென்ட் கையை விரித்தார்.

கம்பிக்குப் பின்னால் செனோவியோ இருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், டோன்யா ஒதிலியாவின் குலத்து அண்ணன். அறையில் உட்கார ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பழைய துப்பாக்கிப் பெட்டி ஒன்றைச் சுவரோரம் போட்டு, மேலே கம்பளி விரித்திருந்தார்கள். அவர் அதில் உட்காரவில்லை. எதிர் மூலையில், ஈரத் தரையில், பெட்டிக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் மேல் முழங்கை.

"பார்த்தீங்களா திமிரை?" என்றார் சார்ஜென்ட். "கைதிக்குக் கம்பளி போட்டு பெஞ்சு கொடுக்கிற ஸ்டேஷன் இந்த நாட்டுல வேற எங்கயாவது உண்டா? தரையிலதான் உக்காருவேங்கிறான்."

டோன்யா ஒதிலியா அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, "அந்தச் சாட்சியைக் காட்டுங்க" என்றார்.

சார்ஜென்ட் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் போட்டார். உள்ளே வாழையிலை மடிப்புகள் இரண்டு, அவற்றைச் சேர்த்துக் கட்டியிருந்த ஒரு வெள்ளை நூல். இலைகளின் உள்பக்கம் செம்மண் ஒட்டியிருந்தது. பையின் வாயைத் திறந்ததுமே என் வயிறு கூப்பிட்டது.

"டோன்யா, எனக்கு டிசம்பர் மாச வாசனை அடிக்குது."

"வாயை மூடு கிரெய்வின்."

"சத்தியமா. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல, அதனாலகூட இருக்கலாம். ஆனா கிறிஸ்துமஸுக்கு எங்கம்மா சோள மாவுல கறி வச்சு, இலையில தமால் கட்டி அவிக்கிற அன்னிக்கு வீடு பூரா இதே வாசனைதான். மாவு இல்ல, கறி இல்ல. இந்த இலை வாசனை."

டோன்யா ஒதிலியா இலையை மூக்கருகே கொண்டுபோனார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடு நரம்பை விரலால் தடவினார். பைக்குள் திரும்ப வைத்தார்.

"கைதியை ஏத்திக்கிட்டுப் போக லிமோன்லேருந்து வண்டி எப்போ வருது?"

"மத்தியானம் சாப்பிட்ட பிறகு. போய் அழுறவங்க இப்பவே அழுதுக்கலாம்."

நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். அது என் வேலை.

வெளியே, தெருவுக்கு அந்தப் பக்கம் சீமைப்பலா மரத்தடியில் டெல்ஃபினா காத்திருந்தாள். எங்களைக் கூப்பிட்டு அனுப்பியவள் அவள்தான். நிறைமாதம். செனோவியோ வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத்தான். அவளுக்கும் உப்பில்லை, உறைப்பில்லை, வெறும் வேகவைத்த வாழைக்காய்.

"அக்கா, அவர் எப்படி இருக்கார்?"

"தெம்பாத்தான் இருக்கார்."

"நேத்து உள்ள போனேன். பேச வேண்டாம், ஒரு தடவை பார்த்துட்டு வந்துடலாம்னுதான். என்னைக் கண்டதும் எழுந்து, ரெண்டு கையையும் வீசி விரட்டிட்டார். நாயை விரட்டுற மாதிரி." அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு போயாச்சு அக்கா. இது மூணாவது. வைத்தியம் பாதியில நிக்குது. அவரை லிமோனுக்குக் கொண்டுபோயிட்டா எப்போ விடுவாங்க?"

எப்போது விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். லிமோன் சிறையில் கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கிற பழங்குடி ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பாஷையில் ஒரு வார்த்தை தெரிந்த வக்கீல் கிடைப்பதற்குள் பிள்ளை பிறந்து நடக்க ஆரம்பித்துவிடும். அல்லது பிறக்காமலே போகும்.

"அவர் லிமோன் போக மாட்டார்" என்றார் டோன்யா ஒதிலியா. "நீ இங்கயே உக்காரு. படகுக்காரரைப் போக விடாத."

சாப்பாட்டுக் கடைப் பக்கம் நடக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"உன் மூக்குக்கு ஒரு கும்பிடு. அது வாட்டின இலை."

"அப்படின்னா?"

"பச்சை வாழையிலையை மடிச்சா கிழியும். அதனால உங்க ஜனம் என்ன பண்ணும்? நடு நரம்பைச் சீவி, அனல்ல காட்டி வாட்டும். அந்த இலை ரெண்டும் சீவி, வாட்டி, தமாலுக்கு மடிக்கிற மாதிரி மடிச்சிருக்கு. நாங்களும் வாழையிலையை வாட்டுவோம், சோறு கட்ட. செத்தவங்களைச் சுத்துறது பிஹாவா இலையில. காட்டுலேருந்து பச்சையா அறுத்துட்டு வர்றது. அடுப்பைப் பார்த்த இலையைச் செத்தவங்க கிட்ட கொண்டே போக மாட்டோம். எங்க ஊர்ல சின்னக் குழந்தைகூட அந்தத் தப்பைப் பண்ணாது."

"அப்போ கட்டினவன் எங்க ஆளு."

"வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு உக்காந்து தமால் கட்டின கை. மூளை யோசிச்சது, 'பழங்குடி மாதிரி இலையில சுத்துவோம்'னு. கை யோசிக்கல. அது பாட்டுக்கு அடுப்பைத் தேடிப் போயிடுச்சு."

"எங்கம்மா கார்த்தகோவை விட்டு வந்ததே இல்ல. முன்கூட்டியே சொல்லிடுறேன்."

அவர் சிரிக்கவில்லை. "எங்களைப் பத்திப் பாதி தெரிஞ்சவன், கிரெய்வின். சுத்துவாங்கன்னு தெரியும், எந்த இலைன்னு தெரியாது. அந்த மாதிரி ஒருத்தர் கடையிலயே உக்காந்திருக்கார்."

உட்கார்ந்திருந்தார். தலைநகரத்திலிருந்து வந்த புராதனப் பொருள் நிபுணர் செலெதோன். புது ரப்பர் பூட்ஸ், புது தொப்பி. அரிசியும் கறுப்பு பீன்ஸும் கலந்த தட்டில் முட்டை பொரித்துப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டோன்யா ஒதிலியா நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"'இலையில் சுற்றியிருப்பது பூர்வகுடி வழக்கத்தைக் காட்டுகிறது.' இதை எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமாம். சார்ஜென்ட் காட்டினார். சிலை இருந்த குழியின் மண்தான் உள்பக்கம் ஒட்டியிருந்தது."

"எந்த இலைன்னு பார்த்தீங்களா?"

"இலை..." நிபுணர் யோசித்தார். "பெரிய இலை."

நான் இருமினேன். டோன்யா ஒதிலியாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

"உங்க கையெழுத்துல ஒரு மனுஷர் உள்ள கிடக்கார். பெரிய இலைங்கிறீங்க."

கடைக்காரி யோர்லெனி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கரண்டியோடு நின்றாள். டோன்யா ஒதிலியா அவளிடம் திரும்பினார். "கைதிக்குச் சோறு கொடுத்தனுப்பணும். இலையில கட்டிக் கொடுக்கணும். ஒரு வாழையிலையும் நூலும் கொடும்மா. சார் கட்டுவார். பாவத்துக்குப் பிராயச்சித்தம்."

விரதத்தில் இருக்கிறவருக்குச் சோறா என்று கேட்க வாயெடுத்தேன். டோன்யா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். வாயை மூடிக்கொண்டேன்.

நிபுணர் பச்சை இலையை அப்படியே விரித்தார், நடுவில் சோற்றை வைத்தார், மடித்தார். இலை நீளவாக்கில் டர்ரென்று கிழிந்து, பீன்ஸ் மொத்தமும் புது பூட்ஸுக்குள் இறங்கியது. இன்னோர் இலை எடுத்தார். அதுவும் கிழிந்தது. வியர்த்து வழிந்தது அவருக்கு. இந்த ஆள் தன் வாழ்நாளில் ஒரு தமால்கூடக் கட்டியதில்லை என்று கர்த்தர் மேல் ஆணையாகச் சொல்லுவேன். யாரோ கட்டி, அவித்து, பிரித்து, ஊட்டியே விட்டிருக்கிறார்கள்.

சந்தேகப்பட்ட ஒரே ஆளும் கைநழுவிப் போனார். அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

"தலைநகரத்து ஆளுங்களுக்கு இலைகூட மடிக்கத் தெரியாதா?"

சார்ஜென்ட் ஒபாந்தோ சாப்பிட வந்திருந்தார். அவருக்கு அன்றைக்கு மனசு குதூகலமாக இருந்தது. வண்டி வரப் போகிறது. "தள்ளுங்க சார்" என்று இலையை வாங்கினார். இடுப்புக் கத்தியால் நடு நரம்பை ஒரே இழுப்பில் சீவினார். அடுப்பருகே போய் அனலில் இரண்டு பக்கமும் காட்டினார். இலை நிறம் மாறித் துணியாகத் துவண்டது. அந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. டிசம்பர். சோற்றை வைத்து, மடித்து, ஓரத்தை உள்ளே தள்ளி ஒரு பொட்டலம். நூலை எடுத்தவர் நின்றார்.

"இன்னொரு இலை கொடு யோர்லெனி."

"ஒண்ணு போதுமே" என்றார் டோன்யா ஒதிலியா. குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"ஒத்தையாக் கட்டுறதா? எங்கம்மா பார்த்தா கையை ஒடிச்சுடுவாங்க. எங்க வீட்டுல எது கட்டினாலும் ஜோடிதான். முகத்தோட முகம் வச்சு, ஒரே கட்டு." இரண்டாவது பொட்டலத்தையும் செய்து, இரண்டையும் எதிரெதிராக ஒட்டி, குறுக்கே நெடுக்கே நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு மேஜையில் வைத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

டோன்யா ஒதிலியா அந்த ஜோடியைப் பார்த்தார். அவர் கத்தும்போது பயப்பட வேண்டியதில்லை. பேச்சு நின்றுவிட்டால்தான் தள்ளி நிற்க வேண்டும். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நானும் போனேன்.

குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

"டோன்யா, எனக்கும் அவன் மேலதான் சந்தேகம். ஆனா எங்கம்மாவும் இப்படித்தான் கட்டுவா. எங்க தெருவே இப்படித்தான் கட்டும். ஜட்ஜ்கிட்ட போய்த் தமால் கட்டத் தெரிஞ்சவன் திருடன்னு சொன்னா, முதல்ல ஜட்ஜையே பிடிக்கணும்."

"தெரியும். இலை சாட்சி இல்ல. அதை நான்தானே கத்தினேன்." அவர் குழாயை மூடினார். "அந்தப் பையில எத்தனை மடிப்பு இருந்தது?"

"ரெண்டு."

"ரெண்டுலயும் செம்மண். மண்ணு ஒட்டணும்னு நிஜமாவே கல்லைச் சுத்தி, பிறகு உருவிப் போட்டிருக்கான். அமூலியில கல்லு எத்தனை?"

"ஒண்ணு" என்றேன்.

"ஒத்தை ஆளால தூக்க முடியல" என்றார். "உடைச்சுட்டான் கிரெய்வின். எத்தனை தலைமுறையா மண்ணுக்குள்ள முழுசா இருந்தவரை உடைச்சுட்டான். உடைச்சு, ஜோடியாக் கட்டியிருக்கான்."

அவர் கண் சிவந்திருந்தது. நான் வாழ்க்கையில் முதல் தடவையாக, நடுவில் போய் நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். அந்த ஆளை அவர் அடிக்கட்டும், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று தோன்றியது.

"சரி, கல்லு எங்க?" என்றேன். "வீட்டுல வச்சிருப்பானா?"

"எங்க அண்ணன் காலையிலேருந்து சொல்லிக்கிட்டே இருக்கார். எனக்குத்தான் கோபத்துல காது அடைச்சுப் போச்சு. வைத்தியத்துல இருக்கிற சுகியா தரையில உக்காரவே மாட்டார். பலகை வேணும், பெஞ்சு வேணும், ஒரு கட்டையாவது வேணும். அது அவருக்குச் சட்டம். இவர் பெஞ்சு இருந்தும் ஈரத் தரையில உக்காந்திருக்கார். எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி. முதுகைக் காட்டி. அந்தக் குழி மண்ணோட வாசனை அவருக்குத் தெரியும்."

"பெட்டி" என்றேன்.

"டெல்ஃபினாவை ஏன் விரட்டினார்? பிள்ளைத்தாய்ச்சி செத்தவங்க சாமான் இருக்கிற அறைக்குள்ள வரக் கூடாது. வாயால சொல்ல முடியல. கையால சொன்னார். அவ அழுதுட்டு வந்துட்டா."

"சரி, ஆனா எந்தத் திருடன் திருடின பொருளை லாக்கப்புல வச்சு, அது மேலயே கைதியை உக்காரச் சொல்லுவான்?"

"லிமோன் போற வழியில சோதனைச் சாவடியில எல்லா வண்டியையும் கவுத்துப் பார்க்கிறாங்க. எதைப் பார்க்க மாட்டாங்க?"

கைதி வண்டியை யாரும் பார்ப்பதில்லை. கைதியும், கைதியோடு போகும் நிலையத்துச் சாமானும் அப்படியே போகும்.

"கல்லுக்காக எங்க அண்ணனைப் பிடிக்கல" என்றார் டோன்யா ஒதிலியா. "கல்லை வெளிய கொண்டுபோய் விக்க ஒரு வண்டி வேணும். வண்டி வரணும்னா ஒரு கைதி வேணும். அதுக்காகப் பிடிச்சிருக்கான்."

இனிமேல் அவனுக்கு மரியாதை கிடையாது. இந்தக் கதையில் மிச்சம் இருக்கிற இடத்தில் ஒபாந்தோ வெறும் அவன்தான்.

ஆனால் பெட்டியைத் திற என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. புராதனப் பொருள் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் எந்தப் பெட்டியையும் திறக்கச் சொல்லும் அதிகாரம் அந்த வட்டாரத்திலேயே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் அப்போது கடை வாசலில் உட்கார்ந்து பூட்ஸுக்குள்ளிருந்து பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

டோன்யா ஒதிலியா எல்லாவற்றையும் சொன்னார். நிபுணரின் முகம் வெளுத்தது.

"ஒரு காவல் அதிகாரி மேல... பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா என் வேலை போயிடும்."

"போகட்டும். எனக்கும் போச்சு. செத்தா போயிட்டேன்?"

"நீங்க தைரியசாலி."

"தைரியம் இல்ல, கோபம். உங்களுக்கும் கொஞ்சம் வரணும் சார். அந்தச் சுகியாவைப் பத்தித்தானே இத்தனை வருஷமாப் படிச்சீங்க? கல்லுச் சுகியாவை உடைச்சு, உயிரோட இருக்கிற சுகியாவைப் பூட்டி, ரெண்டு பேரையும் ஒரே வண்டில ஏத்தப் போறான். ரெண்டுக்கும் உங்க கையெழுத்து."

அவர் ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடி எழுந்தார்.

வண்டி வந்தது. அதிலிருந்து இறங்கியது நீதிமன்றக் காவலர், வெயிலில் கறுத்த, வாயில் சூயிங்கம் மெல்லும் ஒரு பெண்மணி. ஒபாந்தோவின் ஆட்கள் இரண்டு பேர் முக்கி முனகிப் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். பின்னாலேயே விலங்கோடு செனோவியோ. பெட்டியிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகிச் சுவரை ஒட்டி நடந்தார்.

"பழைய துப்பாக்கிங்க" என்றான் ஒபாந்தோ காவலரிடம். "தலைமையிடத்துக்குத் திருப்பி அனுப்புறோம்."

"அந்தப் பெட்டியைத் திறக்கணும்" என்றார் நிபுணர். ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் சாக்ஸ். இருந்தாலும் சொல்லிவிட்டார்.

ஒபாந்தோ சிரித்தான். "சாவி தொலைஞ்சு போச்சு சார்."

காவலர் சூயிங்கம்மை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "சாவி இல்லாத பெட்டியை என் வண்டில ஏத்த மாட்டேன். என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும். டிரைவர், கடப்பாறை எடு."

பூட்டு இரண்டு இழுப்பில் கழன்றது. உள்ளே துப்பாக்கி இல்லை. இரண்டு சாக்கு மூட்டைகள், எதிரெதிராக ஒட்டி, குறுக்கே நெடுக்கே வெள்ளை நூல். டிரைவர் நூலை அறுத்துச் சாக்கை விலக்கினார். ஒன்றில் உடம்பு, முழங்கால் மேல் முழங்கை அப்படியே இருந்தது. இன்னொன்றில் தலை. குழல் வாயோடு ஒரு பாதியும் கையோடு ஒரு பாதியுமாக முறிந்திருந்தது. செனோவியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எவனோ வச்சிருக்கான்" என்றான் ஒபாந்தோ. "எனக்குத் தெரியாது."

"ஜோடியாக் கட்டாதவன் உங்க வீட்டுல உண்டா?" என்றார் டோன்யா ஒதிலியா.

யோர்லெனி கடையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அவன் கட்டிய பொட்டலம். நிபுணர் அந்த முடிச்சைப் பார்த்தார், பெட்டிக்குள் கிடந்த முடிச்சைப் பார்த்தார், காவலரும் பார்த்தார். ஒபாந்தோ கடைசியாகப் பார்த்தான்.

காவலர் நீதிபதியிடம் தொலைபேசியில் பேசினார். செனோவியோவின் விலங்கு கழன்றது. அதே விலங்கு ஒபாந்தோவின் கையில் ஏறியது. ஆனால் அவனை வண்டியில் ஏற்ற முடியாது. காவலரிடம் இருந்த உத்தரவில் வேறு பெயர். புது உத்தரவு நாளைக்குத்தான் வரும். சிலையும் சாட்சிப் பொருள், பூட்டு உள்ள அறையில்தான் வைக்க வேண்டும். அந்த நிலையத்தில் பூட்டு உள்ள அறை ஒன்றே ஒன்று. பெட்டியைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி உள்ளே வைத்தார்கள், மூடி திறந்தபடி. ஒபாந்தோவையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

செனோவியோ தெருவைக் கடந்தார். டெல்ஃபினா எழுந்து நின்றாள். அவர் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மரத்தடியில் கிடந்த ஒரு கட்டையை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். அவள் வயிற்றையே பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் பேசிக் கேட்டேன். பிரிப்ரியில் ஒரு சின்ன வாக்கியம்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அறுந்து போச்சாம்" என்றார் டோன்யா ஒதிலியா. "முதல்லேருந்து ஆரம்பிக்கணுமாம்."

"பிள்ளை பிறக்கிறதுக்குள்ள முடிஞ்சுடுமா?"

"தெரியாதாம்."

டெல்ஃபினா தலையாட்டினாள். அழவில்லை. இன்னும் உப்பில்லாத நாட்கள்; அவள் வேகவைத்த வாழைக்காயை மடியில் கட்டிக்கொண்டு படகை நோக்கி நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். படகு போகிற வரைக்கும் டோன்யா ஒதிலியா கரையில் நின்றார். திரும்பி வந்தபோது அவர் கோபம் ஒரு துளிகூடக் குறைந்திருக்கவில்லை.

நான் நிலைய வாசல் படியில் உட்கார்ந்து ஒபாந்தோ கட்டிய பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக மடித்திருந்தான், ஒரு பருக்கை சிந்தவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அம்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "டோன்யா ஒதிலியா."

அவர் கம்பியருகே போனார். ஒபாந்தோ எதிர் மூலையில், ஈரத் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெட்டிக்குள்ளிருந்து அந்தக் கல் தலை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தத் தலையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்களேன்."

"நாங்க தொடக் கூடாது சார்ஜென்ட். தொடுறவர் மேல அமூலிக்கு அந்தப் பக்கம் இருக்கார். நாளைக்குத்தான் வருவார்."

"ராத்திரி பூரா..."

"நீங்களே திருப்பிக்குங்க. பயப்படுறது எங்க ஆளுங்கதானே."

அவர் வெளியே வந்து படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் காது கொடுத்துக் கேட்டோம். உள்ளே அவன் எழுந்த சத்தமே கேட்கவில்லை.